மாளிகைக்குள் ஒரு பங்குக் கிணறு

பஸ்ஸில் தன் காலை மிதித்தவரிடமே 'சொறி' சொல்லுகிற மனுசி தவமணி. பாண் சுடுகிற தொழிற்சாலையில் வேலை, வெள்ளிக்கிழமையில் கோயில். இதற்கு மேல் அவள் வாய் திறந்ததை புலம்பெயர்ந்து வந்த மல்வேர்னில் ஆரும் கேட்டதில்லை. அப்படிப்பட்டவள் மகளின் கலியாணப் பேச்சுக்கு நடுவே "மாட்டன்" என்றாள்.

மகள் நிலாணிக்கும் ஜனார்த்தனுக்கும் யாழ்ப்பாணத்தில் கலியாணம். படம் எடுக்க வடிவான இடம் தேடியவள், ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஃபோனைத் தாயிடம் நீட்டினாள். வடக்குக் கரையில் ஒரு சனாதிபதி தனக்கென்று கட்டுவித்த மாளிகை. இப்போது ரிக்கெட் எடுத்தால் ஆரும் உள்ளே போகலாம். புல்தரை நடுவே வெள்ளை பூசிய கிணறு. சோடிகள் அதில் சாய்ந்து நின்று, நினைத்தது நடக்கவென்று உள்ளே சில்லறை போடுகிறார்களாம்.

தவமணி படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். கிணற்றுக் கட்டின் ஓரத்தில், பூச்சையும் மீறி, மூன்று வளையம். சின்னப்பிள்ளையில், சீமெந்து காயுமுன் தன் காப்பை அழுத்தி அவள் பதித்தவை. அதற்கு அடியும் வாங்கியிருக்கிறாள்.

பிறகு அந்த மாளிகையின் கதையை அவளே சொன்னாள். சண்டைக்குள் சனம் ஓடியது. ஆமி முள்ளுக்கம்பி அடித்தது. தவமணி வீட்டையும் அயல் வீடுகளையும் இடித்துத் தரைமட்டமாக்கி, அதன்மேல் மாளிகை எழும்பியது. போட்ட கட்டில்களில் ஒருவரும் படுக்கவில்லை. கனகாலம் பூட்டியே கிடந்தது. ஆனால் தப்பி நின்ற கிணறு அந்த நாலு வீட்டுக்கும் பொது. தாயின் சீதன உறுதிப் பத்திரத்தில் எழுதிய பங்கு தவமணிக்கு வந்தது. அதை அவள் ஒருவருக்கும் விற்கவில்லை.

யூனியன்வில்லிலிருந்து சாப்பிட வந்திருந்த தமையன் நவரட்ணம் கையை உதறினார்.

"உதுகளை விடு தங்கச்சி. திறந்து விட்டதே பெரிசு. ரிக்கெட்டை எடுத்துப் பாத்திட்டு வருவம்."

"என்ர கிணத்தடிக்கு நான் ரிக்கெட் எடுக்க மாட்டன் அண்ணை."

"அப்ப வாசல்ல நிக்கிறவனுக்கு என்னெண்டு சொல்லுவாய்? பங்குக்காரி வந்திருக்கிறா எண்டோ?"

"ஓம். அப்பிடித்தான்."

நிலாணிக்கு முகம் வாடிவிட்டது. படம் வேறெங்காவது எடுக்கலாம், அங்கே போகவே வேண்டாம் என்றாள். தவமணி விடவில்லை. அந்த நாலு வீட்டிலும் கலியாணப் பொம்பிளைக்குத் தலையில் பால் அறுகு வைத்து முழுக வார்ப்பது அந்தத் தண்ணீரில்தான். அகதியாய்ப் போன இடத்தில் மணவறை ஏறிய தனக்கு அது கிடைக்கவில்லை.

"உனக்கு அந்தத் தண்ணிதான் பிள்ளை. நான் அள்ளுவன்."

"விடாட்டி?"

"விடுமட்டும் வாசல்ல நிப்பன். பிள்ளையார் துணைக்கு நிப்பார்."

நிலாணி தாயையே பார்த்தாள். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப ஜனார்த்தனிட்டச் சொல்லுறன், வெடிங் கொஞ்சம் டிலே ஆகலாம் எண்டு."

பயணத்துக்கு முதல்நாள் சூட்கேசுக்குள் வாளி இருந்தது. ஊரில் வாளி விற்காதோ என்று நவரட்ணம் கேட்டதற்கு, அவள் குனிந்து சீலைகளை மடித்தபடியே சொன்னாள்:

"விக்கும். ஆனா வாளியோட வந்து இறங்கிறவளை ஆரும் விசிற்றர் எண்டு நினையாயினம்."

அவர் காருக்குப் போனார். திரும்பி வரும்போது கையில் புதுக் கயிறு.

"ஆழம் நினைவிருக்கோ?"

மல்வேர்ன் வீட்டு வரவேற்பறையில் நின்று, தவமணி இரண்டு கையையும் விரித்து, பாகம் பாகமாகக் கயிற்றை அளந்தாள்.

"காணும் அண்ணை, தண்ணிக்கு எட்டும்," என்றாள்.