இங்கேயே ஆடும்மா என்றேன்

அந்தப் பெண்ணின் அணியைக் கலைக்கப்போகிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் அவளிடம், "எங்கயும் போக வேண்டாம், இங்கேயே ஆடும்மா" என்றேன். வாய் தவறிச் சொன்னதல்ல. அவள் நன்மைக்கு என்று நினைத்துச் சொன்னதும் அல்ல. அவளுடைய அப்பாவின் முகம் ஒரு நாள் தொங்கிப்போவதைப் பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

நான் நியூ ஜெர்ஸியில் ஒரு பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் கற்பித்தவன். வீடு பிளெய்ன்ஸ்பரோவில். ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஆண்டுகளில், விளையாட்டுத் துறையை மேற்பார்வை செய்யும் குழுவில் ஆசிரியர்களின் பிரதிநிதியாக இருந்தேன். வாழ்நாளில் பந்தைத் தொட்டவனில்லை. ஃபுட்பால் ஆட்டங்களில் கண்ணாடி அறைக்குள் இருக்கை கிடைக்கும். கோயிலில் யாராவது, "சார் போர்டுல இருக்காரு" என்பார்கள். எனக்கு அது போதுமாயிருந்தது.

இந்த நாட்டில் கல்லூரிகள் தமக்குள் ஆடிக்கொள்வதற்காகக் கூட்டுச் சேர்ந்துகொள்கின்றன. கான்ஃபரன்ஸ் என்பார்கள். ஒரு காலத்தில் பஸ்ஸில் போய் ஆடிவிட்டுத் திரும்பும் தூரத்தில் இருந்தவர்கள்தான் ஒரே கூட்டில் இருந்தார்கள். பிறகு தொலைக்காட்சிக்காரர்கள் ஃபுட்பாலுக்குக் கொட்டிய பணத்தில் எல்லாம் கலைந்தது. பசிபிக் கடற்கரைக் கல்லூரி அட்லாண்டிக் கடற்கரைக் கூட்டில் போய்ச் சேர்ந்தது. எங்கள் பல்கலைக்கழகமும் பழைய கூட்டை விட்டுவிட்டுப் பெரிய இடத்தில் சம்பந்தம் பண்ணிக்கொண்டது. அந்தப் புதிய கூட்டில் பெண்கள் லாக்ராஸ் கிடையாது. நுனியில் வலை கட்டிய கோலால் சின்ன ரப்பர் பந்தை அள்ளி எறிந்து ஆடும் ஆட்டம் அது. அந்த ஓர் அணிக்கு மட்டும் வேறு கூட்டில் இடம் தேடியிருக்கலாம். குழு கூடியபோது விளையாட்டுத் துறைத் தலைவர், "தேடித்தான் ஆக வேண்டுமா?" என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் மேஜையைப் பார்த்தோம். அணியைக் கலைப்பது, ஆனால் வசந்தகாலப் பருவம் முடியும் வரை வெளியே மூச்சுவிடக் கூடாது என்று முடிவாயிற்று. முன்பே தெரிந்தால் பெண்கள் வேறிடம் போய்விடுவார்கள், பாதிப் பருவத்தில் அணி நின்றுபோகும், கெட்ட பெயர் வரும். கை தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

அந்த அணியில் ஒரே ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். மான்மவுத் ஜங்ஷனில் வீடு. அவள் அப்பா மருந்துக் கம்பெனியில் வேலை பார்த்தார், பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர். எங்கு போனாலும் அவரைச் சுற்றிச் சிரிப்பு கேட்கும். என்னை 'சார்' என்றுதான் கூப்பிடுவார். பனிக்காலத்தில் எங்கள் வீட்டு வாசலில் சொல்லாமலே வந்து பனியை அள்ளி ஒதுக்கிவிட்டுப் போவார்.

அந்த இலையுதிர் காலத்தில் என் மகன் பசிபிக் கரையில், பே ஏரியாவில் வேலை இழந்திருந்தான். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். ஒரு வீட்டு பேஸ்மென்டில் நடந்த பிறந்தநாள் விருந்தில், கையில் புளியோதரைத் தட்டோடு, அவர் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்:

"சார் பையன் பே ஏரியாவுல பெஞ்சுல உக்காந்திருக்கானுங்க. எம் பொண்ணு அதே பே ஏரியாவுக்கு கிரவுண்டுல ஓடப்போறாளாமா. ஓடுறவளுக்கு உக்காந்திருக்கறவன் கை தட்டுவானுங்களா சார்?"

பேஸ்மென்ட் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் என் தோளில் தட்டினார். என் மனைவி மட்டும் தட்டைக் கீழே வைத்துவிட்டாள். என் மகனுக்கு அடுத்த மாதமே வேலை கிடைத்துவிட்டது. என் கோபம் மட்டும் வேலையை விடவில்லை.

அவர் சொன்ன பே ஏரியா விஷயம் உண்மைதான். அங்கேயுள்ள ஒரு கல்லூரியின் லாக்ராஸ் கோச், அவள் பள்ளியில் ஆடிய நாளிலிருந்தே அவளைக் கவனித்து வந்தவர். அவள் மாற விரும்பினால் இடம் இருக்கிறது என்று ஜாடையாகச் செய்தி வந்திருந்தது. மாற வேண்டுமென்றால் போர்ட்டல் என்ற பொதுப்பதிவில் பெயர் கொடுக்க வேண்டும். அதற்குக் கெடு உண்டு. கொடுத்துவிட்டால் இங்கே உதவித்தொகையை நிறுத்திவிடலாம். ஆகவே அவளுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: எங்கள் கல்லூரி புதிய கூட்டுக்குப் போகும்போது அவள் அணி இருக்குமா, இருக்காதா?

இதை அவர்கள் தங்கள் கோச்சிடம் கேட்டிருக்க வேண்டும், எழுத்தில். நம்மவர்கள் அப்படிக் கேட்பதில்லை. கவுன்டரில் கேட்க வேண்டியதை உள்ளே இருக்கும் தெரிந்தவரிடம் கேட்போம். ரயில் டிக்கெட்டிலிருந்து ஆஸ்பத்திரிப் படுக்கை வரை அப்படித்தான் பழக்கம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா, அம்மா, பெண் மூவரும் என் வீட்டுக்கு வந்தார்கள்.

"உள்ளார நம்ம சார் இருக்கறப்ப நா எதுக்குங்க வெள்ளக்காரன் வாயப் பாத்துட்டு நிக்கோணும்? நீங்க சொன்னா சரி" என்றார் அவர்.

அவள் அம்மாவுக்கு மகளை அனுப்ப மனமில்லை. "அவ்வளவு தூரம் அண்ணா. ஃபிளைட்டே ஆறு மணி நேரம்."

"அம்மா, தே ப்ளே ஹியர் நௌ!" என்றாள் அந்தப் பெண். "அவங்க கான்ஃபரன்ஸ் இப்ப ஈஸ்ட் கோஸ்ட்ல. ஐ'ல் பீ ஹியர் ஆல் தி டைம். உன் சாம்பார் சாப்டத்தான் வருவேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அங்கிள், ஜஸ்ட் டெல் மீ. எங்க டீம் சேஃபா?"

'அது ரகசியம், என்னால் சொல்ல முடியாது' என்று சொல்லியிருக்கலாம். அந்த ஒரு வாக்கியமே அவளுக்குப் போதிய பதிலாகியிருக்கும்; கெட்டிக்காரப் பெண். நான் காப்பியை ஒரு வாய் குடித்தேன். "எங்கயும் போக வேண்டாம், இங்கேயே ஆடும்மா. நான் இருக்கேன்ல" என்றேன்.

அவள் அம்மா என்னைக் கும்பிட்டார்.

வசந்தத்தில் கடைசி ஆட்டம் முடிந்த பிறகு பெண்களை ஓர் அறைக்கு அழைத்தார்கள். குழுவின் சார்பில் பின்வரிசையில் போய் உட்கார்ந்தேன். துறைத் தலைவர் அணியைக் கலைக்கும் அறிவிப்பைப் படித்தார். கேள்விகளுக்கு நேரமில்லை என்றார். ஒருத்தி விம்மினாள், இன்னொருத்தி கதவை உதைத்துத் திறந்துகொண்டு போனாள். அந்தத் தமிழ்ப் பெண் மட்டும் கோலை மடியில் வைத்துக்கொண்டு, படித்தவரைப் பார்க்காமல் முழுவதுமாகத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

பே ஏரியா இடத்தை அதற்குள் யாருக்கோ கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒருத்தி விலகக்கூடும், கொஞ்சம் பொறுங்கள் என்று அந்தக் கோச் சொல்லியிருந்தார். அவள் அப்பா இதைத் தொலைபேசியில் சொன்னபோது குரலில் தமாஷ் இல்லை. நான் பார்க்க ஆசைப்பட்ட முகம் மறுமுனையில் இருந்தது. எனக்கு அது பிடிக்கவில்லை. அன்றே, அவர்களிடம் சொல்லாமல், அந்தக் கோச்சை அழைத்தேன். அதுதான் நான் முதலில் செய்த பரிகாரம்.

எங்கள் ஊரில் சிபாரிசு என்றால் முதலில் பரிதாபத்தைச் சொல்ல வேண்டும். தகுதியைச் சொன்னால் கர்வம் என்பார்கள், கஷ்டத்தைச் சொன்னால் மனம் இளகும். இத்தனை வருடம் ஆங்கிலத்தில் பரிந்துரை எழுதியவன், அன்று பதற்றத்தில் ஊர்ப் பழக்கத்துக்குப் போய்விட்டேன். பாவம், நல்ல குடும்பம், அம்மா அழுதுகொண்டே இருக்கிறார் என்றேன். "முழங்கால் வலியோடு கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய பெண், ஒரு நாளும் முனகியதில்லை" என்றேன்.

அந்தக் கோச் அம்மையார் மிக இனிமையாக, "முழங்காலா? எந்த முழங்கால், புரொஃபசர்?" என்று கேட்டார். நான் விவரமாகச் சொன்னேன். சொன்னதற்கு நன்றி என்றார். திருப்தியாக ஃபோனை வைத்தேன்.

அந்த முழங்கால் எப்போதோ ஆறிவிட்டது. கோயில் பார்க்கிங்கில் அவள் அப்பா வீட்டு விஷயமாக என்னிடம் சொன்னது.

சில நாட்களில் அவர் அழைத்தார். "சார், அந்தக் கோச்சம்மா முழங்கால் ஸ்கேன் கேக்குதுங்க. இது அங்க யாருக்குங்க தெரியும்?" எனக்குத் தெரியாது என்றேன். ஸ்கேன் எடுத்து அனுப்புவதற்குள், விலகியவளின் இடம் வேறொருத்திக்குப் போய்விட்டது. அவருக்கு ஹூஸ்டனில் வேலை மாற்றம் வந்தது. அதன் அருகிலுள்ள பேர்லேண்டில் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். அவளும் அங்கேயே ஒரு கல்லூரியில் படிப்பை முடித்தாள். அந்தக் கல்லூரிக்கு லாக்ராஸ் அணி கிடையாது. சனிக்கிழமைகளில் பொழுதுபோக்குக்கு ஆடும் கிளப் ஒன்று இருந்தது. அதில் அவள் சேரவில்லை.

அவர் மட்டும் பண்டிகை தவறாமல் அழைத்துக்கொண்டிருந்தார். "சார் இல்லாத ஊர்ல போரடிக்குதுங்க" என்பார். அந்த அழைப்புகளைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. சென்ற ஆண்டு விமானம் ஏறிப் பேர்லேண்டுக்குப் போனேன். அங்கேயுள்ள மீனாட்சி கோயிலுக்கு வந்ததாகச் சாக்கு. சாப்பாடு முடிந்து அவரும் நானும் தனியாக இருந்தபோது எல்லாவற்றையும் சொன்னேன். குழுவில் கை தூக்கியது, காப்பி குடித்துக்கொண்டே சொன்ன பொய், கோச்சிடம் முழங்கால். எதையும் விடவில்லை. சொல்லும்போது மார்பிலிருந்து பாரம் இறங்குவதை உணர்ந்தேன், அதை ரசித்தேன் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவர் கத்தவில்லை. ஒரே கேள்வி கேட்டார். "அன்னைக்கு நா பெஞ்சுன்னு சொன்னேனுங்களே, அதுக்காகவா சார்?"

ஆமாம் என்றேன். பொய் சொல்வதில்லை என்று முடிவெடுத்துப் போயிருந்தேன்.

"அப்ப நாந்தானுங்க" என்றார். எழுந்து மாடிக்குப் போய்விட்டார்.

அவள் வேலையிலிருந்து வந்தபோது நான் வாசலில் டாக்ஸிக்குக் காத்திருந்தேன். அவளிடமும் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்தினாள்.

"ஐ நோ, அங்கிள். எல்லாம் தெரியும். அந்த ரூம்லயே உங்க மூஞ்சியப் பாத்தேன். நீ பொய் சொல்றது எப்பவோ தெரிஞ்சுபோச்சு..." சட்டென்று நிறுத்தினாள். "சாரி. நீங்க. ஒரு புரொஃபசர் கால் பண்ணாருன்னு கோச்சும் சொன்னாங்க. எத்தன புரொஃபசர் தெரியும் எங்களுக்கு?"

"அப்பாகிட்ட ஏம்மா சொல்லல?"

"பிகாஸ் ஹி லவ்ஸ் யூ." குரல் உயரவே இல்லை. "யூ வேர் ஹிஸ் பெஸ்ட் ஃபிரண்ட். என் கேம் போச்சு, ஓகே. அப்பாவுக்கு அதாவது இருக்கட்டும்னு விட்டேன்." பிறகு மாடி ஜன்னலைப் பார்த்தாள். "சொல்லிட்டீங்களா?"

சொல்லிவிட்டேன் என்றேன்.

"எதுக்கு அங்கிள்? உங்களுக்குத் தூக்கம் வரணுமா?"

டாக்ஸி வந்தது. பெட்டியை அவளே தூக்கி உள்ளே வைத்தாள், வயதானவர்களுக்குச் செய்வது போல.

அதன் பிறகு வந்த தீபாவளிக்கு அழைப்பு வரவில்லை. நான் அழைத்தேன், அவர் எடுக்கவில்லை. பொங்கலன்று அவள் அம்மா எடுத்தார். எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"வேலைக்குப் போறாருங்க, வராருங்க. விருந்து எதுக்கும் வரமாட்டேங்கறாரு" என்றார். பிறகு, என்னைக் குறை சொல்லும் எண்ணமே இல்லாமல், விட்டுப்போன ஒன்றைச் சொல்வது போலச் சொன்னார்: "இப்பெல்லாம் யாருகிட்டயும் தமாஷே பேசறதில்லைங்க, அண்ணா."