ஏகாம்பரம் மாற்றிப் பாடிய பாட்டு

போன செவ்வாய்க்கிழமை தபேலா முனுசாமி போன் செய்தார். "ஏகாம்பரம் போயிட்டாருங்க. காபி குடிச்சிட்டு உக்காந்திருந்தாராம், அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். எழுபதுகளின் கடைசியில் திருவண்ணாமலையில் எங்கள் மெல்லிசைக் குழுவைக் கேட்டவர்களுக்கு அவர் குரலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆண் குரல் அவர், பெண் குரல் நான்.

அவரே எழுதி மெட்டுப் போட்ட சோகப் பாட்டு ஒன்று இருந்தது. "ஏமாத்திப் போனவளே, எங்கே நீ போனாலும், தூக்கம் கெட்டு வாடணும்டி." பாடுவதற்கு முன் மைக்கைப் பிடித்து, "இது என்னை ஏமாத்தின ஒருத்திக்கு" என்பார். விசில் பறக்கும். எனக்கு எதையும் கேட்காமல் இருந்தால் தலை வெடித்துவிடும். அப்படி ஒருத்தி உண்டா என்று கேட்டேன். "யாருமில்லைங்க. சும்மா சொன்னா ஜனங்களுக்குப் புடிக்குது" என்று சிரித்தார்.

அடுத்த வருஷம் ஒருநாள், செங்கம் ரோட்டில் ஒத்திகை முடிந்து கிளம்பும்போது, என்னைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் என்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எனக்கு அந்த எண்ணம் வரவில்லை. அதையே சொன்னேன். "சரிங்க" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பயம் பிறகுதான் வந்தது. தீபத்துக்குத் தேரடி வீதியில் கச்சேரி. முன்வரிசையில் என் அப்பா. என்னைப் பற்றி ஒரு பேச்சு கிளம்பினாலும் என் பாட்டை நிறுத்திவிடுவதாகச் சொல்லித்தான் அவர் என்னைக் குழுவுக்கே அனுப்பியிருந்தார். பாடாமல் என்னால் இருக்க முடியாது. கூட்டத்திலிருந்து சீட்டு வந்தது, அதே சோகப் பாட்டைக் கேட்டு. "ஒருத்தி" என்று சொல்லும்போது ஏகாம்பரம் என் பக்கம் லேசாகத் திரும்பினால் போதும், ஊருக்கே விளங்கிவிடும்.

அவர் கூட்டத்தைப் பார்த்தே பேசினார். "இந்தப் பாட்டுல வர்ற பொண்ணு யாரையும் ஏமாத்தலைங்க. இஷ்டமில்லைன்னு நேரா சொல்லிடுச்சு. அவ்வளவுதான்." விசில் வரவில்லை. "சொல்லிட்டுப் போனவளே, எங்கே நீ போனாலும், தூங்கி எழுந்து வாழணும்மா" என்று எடுத்தார். முனுசாமிக்கே ஒரு நிமிஷம் தாளம் தடுமாறியது. அப்பா ஒன்றும் அறியாமல் தொடையில் தட்டிக்கொண்டிருந்தார்.

இருவருக்கும் தனித்தனியே குடும்பம், குழந்தைகள் என்று ஆன பிறகு ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அன்னைக்கு உங்களுக்குக் கஷ்டமா இல்லையா சார்?"

"ஜாஸ்தியாவே இருந்துச்சு. பழைய வரியத்தான் பாடப் பார்த்தேன், வாயில வரலை. நீங்க தூக்கம் கெட்டு வாடினா எனக்கு என்ன ஆவப்போவுது?"

அதற்குப் பிறகு எத்தனை சீட்டு வந்தும் பழைய வரியை அவர் பாடவேயில்லை.

என் கல்யாணம் வரைக்கும், அதற்குப் பின்னும், அவரோடு ஒரே மைக்கில் எத்தனையோ காதல் பாட்டுகள் பாடினேன். வேண்டாம் என்று நான் சொன்ன மனிதர் பக்கத்திலேயே நிற்பார். ஒருநாள்கூட எனக்குப் பயமாக இருந்ததில்லை. அவர் எனக்கு விட்டுப்போனது அதுதான்.