மாமன் மடியா, மாரியம்மன் சந்நிதியா?

வீட்டுக்குள் இருந்துகொண்டே, கூடப் பிறந்த தங்கையிடம் "யாரும் இல்லை" என்று சொல்ல ஒருவருக்கு எப்படி மனம் வரும்? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

போன வைகாசியில் எங்கள் ஊர் ஜவளகிரிக்குத் திரும்பும்போது பஸ்ஸிலேயே என் ஒரு வயது மகனுக்கு உடம்பு கொதித்து, முத்து முத்தாகக் கிளம்பியது. "அம்மை போட்டிருக்குது, எறங்கும்மா" என்று கண்டக்டர் ஓசூரில் இறக்கிவிட்டார். அண்ணன் வீட்டுக் கதவைத் தட்டி, "அண்ணா, நான்தான். கொழந்தைக்கு அம்மையாட்டம் இருக்குது" என்றேன். சற்றுப் பொறுத்து, அந்நியர்போலக் கன்னடத்தில், "யாரூ இல்லா, ஹோகி" (யாரும் இல்லை, போங்கள்) என்று பதில் வந்தது. அண்ணன் குரலேதான்.

மாரியம்மன் கோவிலுக்கு ஓடி, "தாயே, இனி நீதான்" என்று விழுந்தேன். பூசாரி விரட்டவில்லை, வேப்பிலை பரப்பிக் குழந்தையைப் படுக்க வைத்தார். காலையில் காய்ச்சல் தணிந்தது. வெறும் சூட்டுக் காய்ச்சலும் வேர்க்குருவும்தான் என்றார் வைத்தியர். அதைக் கேள்விப்பட்டதும் அண்ணன் பாலோடு வந்து, "உன் குரல்னு தெரியலயே கண்ணு" என்று இளித்தார்.

அவருக்கும் குழந்தைகள் உண்டு. நான் போனதே தவறோ? ஆனால், "வராதே" என்று தமிழிலேயே சொல்லியிருக்கலாமே!

இப்போது ஓசூரில் இறங்கினால் நேரே கோவிலுக்குத்தான் போகிறேன். அடுத்த மாதம் மகனுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில்தான் உட்கார வைக்க வேண்டும் என்கிறார் மாமியார். அந்த மடியை நினைத்தாலே அருவருக்கிறது. அம்மன் சந்நிதியில் என் மடியிலேயே வைத்துக் குத்தினால் குற்றமாகுமா? சகோதரிகளே, எழுதுங்கள்.