வண்டி ஸ்டாண்டு சேரனும் நாலு நாள் ஊசியும்

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரு சக்கர வண்டி ஸ்டாண்டு வைத்திருக்கும் சேரன் முப்பத்தொன்பது வயதுக்குள் ஜெயித்தவை இவை. ஆறு வயதில் பொன்னுக்கு வீங்கி. கழுத்தில் போட வீட்டில் தங்கம் இல்லாததால் அடுத்த வீட்டுச் சங்கிலியை இரவல் வாங்கிப் போட்டு ஒன்பது நாள் படுத்திருந்தான். ஏழு வயதில் தட்டம்மை. எட்டு வயதில் சின்னம்மை. மூன்றும் பள்ளிக்கூடம் திறக்கும் வாரம் பார்த்தே வந்தன. ஒன்பதாவது வயதில் நோய் எதுவும் வரவில்லை. ஆனால் ஜூன் மாதம் பிறந்தாலே ஆட்டுக் கொட்டகையில் போய் ஒளிந்துகொள்ள அதற்குள் பழகிவிட்டான். ஆகவே படிப்பிடம் மட்டும் தோல்வி. அப்புறம் ஒரு டெங்கு, இரண்டு தேள், தலையில் விழுந்த ஒரு தேங்காய். தேங்காய்தான் உடைந்தது. கடைசியாக ஒரு குரங்கு. அதை மட்டும் விவரமாகச் சொல்ல வேண்டும்.

எழுதப் படிக்கத் தெரியாததால் சேரன் ஸ்டாண்டில் டோக்கன் கிடையாது. வண்டியை விடுகிறவர் முகத்தை ஒருதரம் உற்றுப் பார்ப்பான், அவ்வளவுதான். புது ஆள் என்றால் பார்க்கக் கொஞ்ச நேரம் பிடிக்கும். பழைய ஆள் என்றால் அவர் பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே வண்டி வாசலில் நிற்கும். இருபது வருஷத்தில் ஒரு வண்டி ஆள் மாறிப் போனதில்லை. "ஒருதரம் பாத்தா போதும்பா" என்பது அவன் பேச்சு.

2025 ஜூலை 21, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணி. கோட்டைப் பக்கமிருந்து வந்த ஒரு குரங்கு, ஒரு ஸ்கூட்டர் கொக்கியில் தொங்கிய வாழைப்பழப் பையைப் பிடித்து இழுத்தது. ஸ்கூட்டர் மீனம்பாள் டீச்சருடையது. குரங்கு மீனம்பாள் டீச்சர் இல்லை. ஆகவே சேரன் பையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

"வண்டிக்காரங்க வந்தாத்தான் தருவேன்" என்றான்.

குரங்கு அவன் முன்கையில் ஆழமாகக் கடித்தது. பை கிழிந்தது. பழத்தில் பாதி அதற்கு, பாதி டீச்சருக்கு.

எதிரில் தையல் கடை வைத்திருக்கும் அக்கா ராஜாம்பாள் ஓடிவந்து, அவனைக் குழாயடிக்கு இழுத்துப் போய், சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவினாள். பிறகு கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். புல்லட்டைத் தனியாகத் தூக்கித் திருப்பி வைக்கிற சேரன், ஊசியைப் பார்த்ததும் நாற்காலியோடு சரிந்தான்.

"எனக்கு எதுக்கு சிஸ்டர் ஊசி?" என்றான் தண்ணீர் தெளித்து எழுப்பிய பிறகு. "அம்மை, தட்டம்மை எல்லாம் பாத்த உடம்பு. உள்ள எல்லாத்துக்கும் ஆள் இருக்குது."

நர்ஸ் காயத்ரி பேசாமல் எல்லா ஊசியையும் போட்டு முடித்து, பஞ்சால் ஒற்றிக்கொண்டே சொன்னாள்: "அம்மைக்கு இருக்கற ஆளுக்கு அம்மை மூஞ்சிதாண்ணா தெரியும். வெறிநோய்க் கிருமி வந்தா, யாரோ எவரோன்னு வுட்டுடுவான். நீங்க இன்னா வேலை பாக்கறீங்க?"

சொன்னான்.

"அப்ப உங்களுக்குச் சொல்றது சுலபம். புண்ணைச் சுத்திப் போட்டனே, அது வெளியிலேர்ந்து கூட்டியாந்த ரெடிமேடு ஆளுங்க. கொஞ்ச நாள் காவலுக்கு நிப்பாங்க, அப்புறம் போய்டுவாங்க. ரெண்டு தோள்லயும் போட்டது செத்த கிருமி. ஒண்ணும் பண்ணாது. அது மூஞ்சியப் பாத்து உங்க ஒடம்பு சொந்தமா ஆளுங்களைத் தயார் பண்ணும். எதிர்ப்பொருள்னு பேரு. அதுக்கு நாலு நாள் வரணும். இன்னைக்கு, இருபத்திநாலு, இருபத்தெட்டு, அப்புறம் ஆகஸ்ட் பதினெட்டு. வெறிநோய் மட்டும் வந்துட்டா மருந்து கிடையாதுண்ணா. வராம தடுக்கறதுதான்."

ராஜாம்பாள் கடைசி வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டாள். சேரன் "மூஞ்சியப் பாத்து" என்பதை மட்டும் பிடித்துக்கொண்டான்.

இருபத்திநாலாம் தேதி ஆடி அமாவாசை. மேல்மலையனூர் கோயிலுக்கு ஸ்பெஷல் பஸ்ஸில் போகிற கூட்டம் விடியலிலேயே வண்டிகளைக் கொண்டுவந்து தள்ளியது. அக்கா காலண்டர் தாளைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டே வந்தாள்.

"டேய், இன்னைக்கு ஊசி."

"வேணாங்க்கா. ஒருதரம் பாத்தாச்சு. என் ஒடம்பு என்னை மாதிரிதானே இருக்கும்? அம்மை ஒருதரந்தான் வந்துச்சு. திரும்ப வந்துச்சா?"

"அம்மை பதினஞ்சு நாள் உள்ளயே குந்திக்கினு இருந்துச்சுடா. ஊசி மருந்து அப்பிடியா? எட்டிப் பாத்துட்டுப் போறது."

"நான் எட்டிப் பாத்தவனையே மறக்க மாட்டேன்."

"உன் ஒடம்புக்கும் உன் மூளையே இருந்துச்சுன்னா நான் இன்னாடா பண்ணுவேன்?"

சேரன் ஊசி போட்ட தோள்களைத் துண்டால் மூடிக்கொண்டு வண்டிகளுக்கு நடுவே போய் நின்றுகொண்டான். அக்கா கடைக்குப் போய், வெறிநோய் நினைப்பிலேயே ஒரு ரவிக்கையின் கையைக் கழுத்தில் வைத்துத் தைத்தாள். பிரித்தாள். மறுபடியும் கழுத்திலேயே தைத்தாள்.

சாயங்காலம் நாலு மணிக்கு ஒரு மொட்டைத் தலை வந்து நின்றது. தலையெல்லாம் சந்தனம்.

"அண்ணே, அந்தக் கறுப்பு பைக் எடுத்துக்கறேன்."

சேரன் உற்றுப் பார்த்தான். "உன்னை நான் பாக்கவே இல்லியேப்பா."

"காலைல நாந்தாண்ணே வுட்டுட்டுப் போனேன். அருண்பிரசாத், திண்டிவனம்."

"அதை வுட்டவனுக்கு முடி தோள் வரைக்கும் இருந்துச்சு. தாடி வேற."

"அந்தத் தாடி இப்ப அங்காளம்மன் கோயில்ல இருக்குதுண்ணே. வேண்டுதல்."

"அப்ப தாடிக்காரன் வரட்டும்."

"அவன் இனிமே ஆறு மாசம் கழிச்சுத்தான் வருவான். சாவி பாரு, என் கையில இருக்குது."

"சாவி யார் கையில வேணா இருக்கும்."

கூட்டம் சேர்ந்தது. அருண்பிரசாத் தாடையைக் கையால் மூடிக் காட்டினான். துண்டைத் தலையில் போட்டு முடி மாதிரி தொங்கவிட்டுக் காட்டினான். சேரன் இப்படியும் அப்படியும் சாய்ந்து பார்த்தான். இருபது வருஷத்தில் முதல்தடவையாக ஒரு முகம் அவனுக்குப் பிடிபடவில்லை.

அந்த நேரத்தில் பாத்திரக் கடை கிருஷ்ணமூர்த்தி ஸ்பெஷல் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். அவரும் மொட்டை. மீசைகூட இல்லை. சேரன் அவரை ஒரு பார்வை பார்த்தான். கை தானாகப் போய் அவர் ஸ்கூட்டரைத் தள்ளி வாசலில் நிறுத்தியது.

அருண்பிரசாத்துக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாண்ணே இது? அவரும் மொட்டைதானே? அவருக்கு மட்டும் கேள்வியே இல்லாம எடுத்துக் குடுக்கற?"

"அவரை நான் எத்தினியோ தரம் பாத்துட்டேன்பா. உன்னை ஒருதரந்தானே..."

சேரன் இரண்டு மொட்டையையும் பார்த்தான். உட்கார்ந்தான். எழுந்தான். ஒருதரம் பார்த்த ஆள் தலையைச் சிரைத்துக்கொண்டு வந்தால் நமக்கே தெரியவில்லை. உடம்புக்குள்ளே, கிருமியை ஒருதரமே பார்த்த அந்தப் புது ஆட்களுக்கு என்ன தெரியும்? அருண்பிரசாத் போனில் காட்டிய பழைய படத்தைப் பார்த்து, பைக்கைக் கொடுத்து, மன்னிப்புக் கேட்டான். பிறகு ரோட்டைத் தாண்டி ஓடினான்.

"யக்கா, ஆஸ்பத்திரி எத்தினி மணி வரைக்கும் இருக்குது?"

ராஜாம்பாள் கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு எழுந்தாள். கிருஷ்ணமூர்த்தி மொட்டைத் தலையோடு ஸ்டாண்டைப் பார்த்துக்கொண்டார்.

அன்றைக்கும் சேரன் சரிந்தான்; ஆனால் இந்தத் தடவை ஊசி போட்ட பிறகுதான். பதிவேட்டில் கட்டைவிரல் வைக்க வந்தபோது, திங்கட்கிழமை வந்தவர்கள் வைத்த ரேகைகளைக் காயத்ரி காட்டினாள். வரிசையாக ஆறு.

"முகம் பாக்கறவராச்சே. இதுல உங்களுது எது, சொல்லுங்க பாப்போம்."

சேரன் ஆறையும் மாறி மாறிப் பார்த்தான். எல்லாம் கிருஷ்ணமூர்த்தி தலை மாதிரி ஒன்றுபோலவே இருந்தன.

"யக்கா," என்றான் வெளியே வந்ததும், "எனக்கு என்னையே தெரியலியே. என் பேரை எழுதிக் காட்டேன்."

அவள் துணி வெட்டும் சாக்கட்டியால் கடைத் தரையில் எழுதிக் காட்டினாள். ஒருதரம் பார்த்தான், கை வரவில்லை. பத்துத்தரம் பார்த்தான், கோணலாக வந்தது. இருபத்தெட்டாம் தேதி மூன்றாவது தடவை ஊசி போட்டுக்கொண்டு வந்தவன், அடுத்த மூன்று வாரமும் ஸ்டாண்டில் நின்ற வண்டி சீட்டுகளின் தூசியிலெல்லாம் விரலால் எழுதித் தள்ளினான். செஞ்சி முழுவதும் ஜனங்கள் சேரன் மேல் உட்கார்ந்து போனார்கள். "வண்டியை உன் பேருக்கு எப்ப மாத்தின?" என்று மீனம்பாள் டீச்சர் கேட்டார். கேட்டதோடு நிற்காமல் எழுத்தையும் திருத்தினார்.

நாலாவது தடவை காயத்ரி ஒரு தோளில் போட்டுவிட்டு மறு தோளுக்கு வந்தபோதும், சேரன் தொடையில் விரலால் எழுதிக்கொண்டே இருந்தான்.

"முடிஞ்சுதுண்ணா."

"எது?"

"ரெண்டு ஊசியும்."

அவன் சரியவில்லை. பேனாவை வாங்கினான். நாக்கைக் கடித்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்துக்கும் ஒருதரம் மூச்சு விட்டு, பதிவேட்டுக் கட்டத்துக்கு வெளியே கொஞ்சம் போனாலும் முழுப் பெயரையும் எழுதினான். பக்கத்தில் அக்கா தேதி போட்டாள்: 18.8.2025, திங்கட்கிழமை.