தூளியை அவிழ்த்தவள்

கடலூர் முதுநகரில் இறால் உரிக்கும் கம்பெனி ஒன்றில், 2006-ஆம் வருஷம் லோகநாயகிக்குப் பிள்ளை பார்க்கும் வேலை கிடைத்தது. உரிக்க வரும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப்போகிற தகரக் கொட்டகை அது. உள்ளே நுழையப் போனவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். மேலே குறுக்குக் கம்பியில் வரிசையாகப் புடவைத் தூளிகள். ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளை. அழுதால் ஆட்ட வேண்டும், பசித்தால் பால் புட்டி. சாயங்காலம் தாய் வந்து தூக்கிப்போவாள்.

“எதையும் கீழ விடாதம்மா. விழுந்து வச்சா பொம்பளைங்க வேலையப் போட்டுட்டு ஓடியாந்துருவாங்க,” என்றார் சூப்பர்வைசர் தட்சிணாமூர்த்தி.

முந்தின மாதம்தான் அவள் சிதம்பரத்தில் பிள்ளை வளர்ப்புப் பயிற்சிக்குப் போய்வந்திருந்தாள். பிறந்த முதல் இரண்டு மூன்று வருஷத்தில் மூளை வளர்கிற வேகம் அப்புறம் வராது, அதற்குச் சோறு மட்டும் போதாது, பிள்ளை உருள வேண்டும், தவழ வேண்டும், எதையாவது பிடித்து இழுக்க வேண்டும், பேச்சைக் கேட்க வேண்டும் என்று அங்கே ஒரு டாக்டரம்மா சொன்னார். அன்றைக்கு அது பத்தோடு பதினொன்றாகத்தான் காதில் விழுந்தது. இங்கே வந்து, தூளியில் கிடந்த இளவரசு என்ற பிள்ளையைப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

ஒன்றரை வயதாகியும் அவன் நிற்கவில்லை. ஒரு வார்த்தை வரவில்லை. நாளெல்லாம் மல்லாந்தபடி புடவை நூலைச் சுரண்டிக்கொண்டிருப்பான். “தங்கமான புள்ள, சத்தமே போடாது,” என்று எல்லோரும் மெச்சினார்கள். லோகநாயகிக்கு அந்த அமைதிதான் சரியாகப் படவில்லை.

அந்த வாரமே தூளிகளை அவிழ்த்தாள். தூங்குகிற பிள்ளைக்கு மட்டும் தூளி. கோணிச் சாக்குகளைத் துவைத்து, ஒன்றாகத் தைத்துத் தரையில் விரித்தாள். பவுடர் டப்பாவில் புளியங்கொட்டை போட்டு அடைத்தாள். பிடித்து நிற்க, இறால் பெட்டிகளைக் கவிழ்த்து வைத்தாள். காக்கா வந்தாலும் பேசினாள், திருப்பாதிரிப்புலியூர் ரயில் கூவினாலும் பேசினாள். முதலில் பிள்ளைகள் தரையைக் கண்டு மிரண்டு அழுதன. இளவரசு போட்ட இடத்திலேயே கிடந்தான். டப்பாவைக் குலுக்கி, அவன் கைக்கு எட்டாத தூரத்தில் வைப்பாள். பல நாள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளும் விடவில்லை. ஒருநாள் கை நீண்டது. அப்புறம் வயிறு நகர்ந்தது. அப்புறம் முழங்கால்.

மூன்றாம் மாதம், பெட்டியைப் பிடித்து நின்றவன் அதோடு சேர்ந்து சரிந்தான். உதடு கிழிந்து ரத்தம். கூச்சல் கேட்டு தட்சிணாமூர்த்தி வந்தார்.

“தலபாடா அடிச்சிக்கிட்டேன், கேட்டியா? இப்பவே தூளியக் கட்டு. இல்லன்னா நாளைக்கு வேற ஆள் வரும்.”

“கட்ட மாட்டேன் சார். ஒதடு ஆறிடும். இந்த வயசு போச்சுன்னா திரும்பி வராது.”

அதற்குள் தாய் புஷ்பவள்ளி ஓடிவந்துவிட்டாள். ஐஸில் விறைத்த கையோடு பிள்ளையை வாரிக்கொண்டாள். லோகநாயகி வசவுக்குத் தயாராக நின்றாள். ஆனால் இளவரசு இடுப்பில் தங்கவில்லை. விம்மிக்கொண்டே கீழே இறங்கத் திமிறினான். இறக்கிவிட்டதும் பெட்டியைப் பிடித்து எழுந்து நின்றான். இருட்டிய பிறகே பிள்ளையோடு வீடு சேர்கிறவள் புஷ்பவள்ளி; மகன் நின்று அவள் பார்த்ததே இல்லை.

“எப்பலேருந்துக்கா நிக்கிறான்?”

“போன வாரத்துலேருந்து. நடந்தே காட்டட்டும்னு சொல்லாம வச்சிருந்தேன்.”

புஷ்பவள்ளி முகத்தைத் துடைத்துக்கொண்டு சூப்பர்வைசரிடம் திரும்பினாள். “விழுந்தது எம்புள்ள சார். நானே ஒண்ணும் சொல்லல. அக்கா போனாங்கன்னா, இவன இடுப்புல வச்சிக்கிட்டுத்தான் நான் எறா உரிப்பேன்.”

பின்னால் வந்து நின்ற பெண்களும் “நாங்களும் அப்பிடித்தான்” என்றார்கள். தட்சிணாமூர்த்தி யோசித்தார். “பொட்டியவாவது நகராம கட்டித் தொல,” என்று சொல்லிவிட்டுப் போனார். பெட்டியோடு நிறுத்தாமல், லோகநாயகி சவுக்குக் கழி வாங்கிச் சுவரோரம் பிள்ளைகள் பிடித்து நடக்க அவர்களின் நெஞ்சுயரத்துக்குக் கட்டினாள்.

பொங்கலுக்குள் இளவரசு நடந்தான். பேச்சு தாமதமாகத்தான் வந்தது. பள்ளிக்கூடம் போன பிறகும் எழுத்துக் கூட்டத் திணறினான். எல்லாப் பிள்ளைக்கும் இது பலித்ததென்றும் இல்லை. சிந்துஜா என்ற பெண் குழந்தைக்கு என்ன செய்தும் கழுத்து நிற்கவில்லை. அவளையும் தாயையும் லோகநாயகியே பஸ் ஏற்றிப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

2011 கடைசியில் அடித்த தானே புயல் கொட்டகையின் தகரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. சரிசெய்ய நாளாகும் என்றது கம்பெனி. லோகநாயகி சாக்குகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பக்கத்து மாதா கோயிலுக்குப் போய், பிள்ளைகளை வைத்துக்கொள்ள அதன் கூடத்தைக் கேட்டாள்.

“கூரை போடட்டுமேம்மா, அப்புறம் பாத்துக்கலாம்,” என்றார் மாதா கோயிலைத் திறந்து பூட்டிப் பார்த்துக்கொள்ளும் கோயில் பிள்ளை தேவசகாயம்.

“கூரை வர்ற வரைக்கும் புள்ளைங்க வளராம நிக்குமாங்க?” என்றாள்.

அவர் கூடத்துச் சாவியை எடுத்துவரப் போனார்.