மூன்று கல் மேசை

வெள்ளவத்தையில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்கு, என் அவர் வேலை பார்த்த கந்தோரின் பெரிய கிளாக்கர் தேநீருக்கு வருவதாக இருந்தது. என் அவருடைய பதவி உயர்வு அந்தப் பெரிய கிளாக்கர் கையில். எங்கள் மேசையோ நாலு காலிலும் ஆடியது.

என் அவர் அப்போது ஒரு சோதனைக்காகக் கேத்திர கணிதம் படித்துக்கொண்டிருந்தார். "நாலு நுனியும் ஒரே தளத்தில நிக்கவேணும்" என்று சொல்லி ஒவ்வொரு காலாக அரிந்தார். மேசை முழங்கால் உயரத்துக்கு வந்தும் ஆட்டம் நிற்கவில்லை.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவள். "இஞ்சாருங்கோ, என்ரை அடுப்புக்கு மூண்டு கல்லுத்தான். பானை ஒருநாளாவது ஆடினதோ?" என்றேன்.

அவர் புத்தகத்தைப் புரட்டினார். "ஓம், ரெண்டு புள்ளிக்கு ஒரு கோடு, மூண்டு புள்ளிக்கு ஒரு தளம். முதலாம் பக்கத்திலேயே கிடக்கு."

"அப்ப கடைசிப் பக்கத்திலயிருந்தோ படிச்சனீங்கள்?"

கால்களைக் கழற்றிவிட்டு, பலகையை என் அடுப்புக்கற்கள் மூன்றின் மேல் வைத்து வெள்ளைத் துணி விரித்தோம். பெரிய கிளாக்கர் பாயில் சம்மணமிட்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் குடித்து, என் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தார். பதவி உயர்வும் வந்தது.

கல் மூன்றும் கூடத்தில் இருந்ததால் அந்தத் தேநீர் பக்கத்து வீட்டுக்காரியின் அடுப்பில் அவளே போட்டது. அதை நான் பெரிய கிளாக்கருக்குச் சொல்லவில்லை.