ரயிலில் லேப்டாப்போடு மல்லுக்கட்டியவள்

காஞ்சிபுரத்தில் ரயில் ஏறியதிலிருந்து எதிர் சீட்டுப் பெண் ஒரு நிலையில் இல்லை. ஒல்லி உடம்பு, மடியில் லேப்டாப். தட்டுவாள், நகத்தைக் கடிப்பாள், மறுபடி தட்டுவாள். வாலாஜாபாத் வருவதற்குள் கடிக்க நகமே மிச்சமில்லை.

"விரலையாவது விட்டு வைம்மா," என்றேன்.

"கம்ப்யூட்டருக்குப் புதுசா ஒரு மொழி பண்றோம் ஆயா. அதுல கட்டளைய அவங்கவங்களே உருவாக்கிக்கலாம். இது நடந்தா இதச் செய், நடக்கலன்னா அதச் செய், எப்படி இருந்தாலும் கடைசில இன்னொண்ணு செய்னு எத்தினி பாகம் வேணா வெக்கலாம். ஆனா ஓட்டிப் பாத்தா கம்ப்யூட்டரு, நடந்துச்சா இல்லியான்னு பாக்காம எல்லா பாகத்தையும் செஞ்சிடுது."

"சாம்பார் இருந்தா ஊத்து, இல்லாங்காட்டி ரசம் ஊத்துன்னா, ரெண்டையும் இலையில கொட்டிடுதா?"

"அதேதான்! இன்னிக்கு ஆபீஸ்ல காட்டணும். ஓடலன்னா என் யோசனையையே தூக்கிப் போட்டுடுவாங்க." கண் கலங்கிவிட்டது.

"அந்த மிஷினு உன்ன மாதிரிதான் இருக்குது. இன்னும் காட்டவேயில்ல, அதுக்குள்ள தோத்ததுக்கு அழுதுக்கினு கீற."

சிரித்துவிட்டாள். தாம்பரத்தில் லேப்டாப்பை மூடாமலே இறங்கிப் போனாள். ஓடியதா, தூக்கிப் போட்டார்களா, தெரியாது. நான்தான் இன்னும் ஓடியதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டு, ஓடாததற்கும் சேர்த்துக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கிறேன்.